கேட்கத் தயங்காத போதை மீட்பு மையம்

மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் பழக்கத்திலிருந்து வெளிவர என் கணவர் சென்னையில் சிகிச்சை பெறும் மையத்தைப் பற்றி எழுதுகிறேன். முன்பு போன இடத்தில் பிரார்த்தனையும் அறிவுரையும்தான். தாம்பத்தியம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, "போதை இல்லாமல் உடலுறவு முடிகிறதா?" என்று நேராகவே கேட்டார். மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர், வெகுநேரம் கழித்து "இல்லை" என்றார்.

சிகிச்சை அங்கேதான் தொடங்கியது என்பேன். இந்தப் பொருள் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளை மடை திறந்தாற்போல் பாயவிடுகிறது. காமமும் போதையும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்கின்றன. நிறுத்தியபின் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், விருப்பமே எழாது. அந்த வறட்சியைத் தாங்காமல்தான் பலர் மீண்டும் அதைத் தேடிப் போகிறார்கள். மனைவி மீதான வெறுப்பு அல்ல அது என்று என்னைத் தனியே உட்காரவைத்து விளக்கினார்கள். எவ்வளவு பெரிய ஆறுதல்!

இருவரையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள், கட்டணம் இல்லை. இப்பழக்கத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தென்படாவிட்டால் சிறு பரிசுக் கூப்பன் தருகிறார்கள். கணவர் அதை ஆவலோடு வாங்கிவருகிறார்.

துணைவருக்கான ஆலோசனை வார நாள் காலையில் மட்டும் என்பது பெருங்குறை. வேலைக்குப் போகும் பெண்கள் என்ன செய்வார்கள்? மாலை நேரமும் கட்டாயம் வேண்டும். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் மத்திய அரசின் இலவச உதவி எண் 14446-ஐ அழைக்கலாம்.