ஒரு கைட்டுக்கு எத்தனை பேர்?

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கைட் சர்ஃபிங் (கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் போகும் விளையாட்டு) கற்றுக்கொள்ளப் போனபோதும் கைப்பையில் சின்ன நோட்டு ஒன்று இருந்தது. முதல் வகுப்பைப் பற்றி அதில் எழுதியிருப்பது: நேரம் 2 மணி, கட்டணம் 4,000 ரூபாய், என் கையில் பார் இருந்தது 22 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 182 ரூபாய்.

பார் என்பது கைட்டை ஆட்டுவிக்கும் கைப்பிடி. நாலு கயிறும் அதில்தான் வந்து சேரும். அது கையில் இருக்கும்போதுதான் ஏதாவது மண்டையில் ஏறுகிறது. மற்ற நேரமெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான்.

அந்த முதல் வகுப்பு மேற்குக் கரையில், ஒரு சுற்றுலா ஊரில். பெயர் வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் போட்டி முதல்முறையாக வந்தது. மார்செய் கடலில் நடந்ததை டிவியில் பார்த்து வந்த ஆசை இது. (அவர்கள் ஓட்டியது தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும் ஃபாயில் பலகை. நம் வகுப்புக்கும் அதற்கும் டவுன் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் உள்ள தூரம்.) ‘மூன்றே நாளில் பலகையில் நிற்கலாம்’ என்று விளம்பரம். போனால் நாலு பேருக்கு ஒரே கைட், ஒரே ஆசிரியர். காற்றோ 8 நாட். மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. ஆரம்பநிலை ஆளுக்கு 12 நாட்டாவது வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கைட் மேலே போகும், சொத்தென்று விழும், ஆசிரியர் நடந்துபோய் எடுத்துக்கொண்டு வருவார். அந்த நடைக்கும் மீட்டர் ஓடியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குயிக் ரிலீஸ் என்று ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் கைட்டின் இழுவையிலிருந்து உடனே விடுபடுவதற்கான பிடி. “சிவப்பா இருக்கே, அதைத் தள்ளணும்” என்று விரலால் காட்டினார், அவ்வளவுதான். ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். திரும்ப மாட்ட நேரமாகும் என்றார். மறுநாளே ஊர் திரும்பிவிட்டேன். மீதி நாளுக்குக் கட்டிய பணம் வரவில்லை.

அடுத்த ஆடியில் ராமேஸ்வரம். வீட்டிலிருந்து நாலு மணி நேரப் பயணம். இதை விட்டுவிட்டு எங்கெங்கோ போயிருக்கிறேன் பாருங்கள். இங்கே காற்றுக்கு இரண்டு பருவம்: கோடையில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான், மார்கழி, தை வாக்கில் வாடை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாம்பனைத் தாண்டியதும் அம்மி இருந்தால் பறந்திருக்கும்.

இந்த முறை முன்பணம் கட்டுவதற்கு முன்னால் போனிலேயே கேட்டுவிட்டேன். ஒரு கைட்டுக்கு எத்தனை பேர்? தனியாக என்றால் ஒருவர், இல்லையென்றால் இரண்டு பேர், மூன்றாவது ஆளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். காற்று இல்லாவிட்டால்? அந்த மணி கணக்கில் வராது. நான் எங்கே நிற்பேன்? இடுப்பளவுத் தண்ணீரில், ஆசிரியர் கை எட்டும் தூரத்தில். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தால்? “அன்னைக்கு படகு இல்லாம உங்களை இறக்க மாட்டோம்.” இந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் பணம் கட்டினேன். கரையிலிருந்து அடிக்கும் காற்றில் தண்ணீர் தட்டையாக, கற்றுக்கொள்ள வாகாகத்தான் இருக்கும். ஆனால் கைட் விழுந்தால் நம்மைத் தள்ளிக்கொண்டு போவது நடுக்கடலுக்கு. அதைச் சொல்லாமல் ‘குளம் மாதிரி இருக்கும்’ என்று மட்டும் சொல்கிறவரிடம் போக வேண்டாம்.

ஆசிரியர் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன். வயது 24, 25 இருக்கும். ஐ.கே.ஓ. என்ற சர்வதேசக் கைட் பயிற்சி அமைப்பின் பயிற்சியாளர் அட்டை வைத்திருந்தார், கேட்டதும் காட்டினார். முதல் நாள் ஒரு மணி நேரம் தண்ணீரையே தொடவிடவில்லை. மணலில் உட்காரவைத்து, இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸை மாட்டி, கண்ணை மூடச் சொன்னார்.

“இப்ப ரிலீஸ் எங்க இருக்குன்னு தேடாம கை வைங்கக்கா.”

தடவினேன். “தேடுறீங்க” என்றார். மறுபடி. நாலாவது தடவை கை நேராகப் போய் உட்கார்ந்தது. தள்ளினேன். பாரை ஹார்னஸோடு பிணைக்கும் வளையம் டக்கென்று திறந்து பார் கையைவிட்டு ஓடியது. நிஜத்தில் அப்போது கைட் ஒற்றைக் கயிற்றில் தொங்கிச் சக்தியிழந்து விழுந்துவிடும். அது லீஷ் என்ற பாதுகாப்புக் கயிற்றில் நம்மோடு இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் லீஷையும் கழற்ற இன்னொரு பிடி. பிறகு எல்லாவற்றையும் என்னையே திரும்ப மாட்டச் சொன்னார். அந்த வளையத்துக்குப் பெயர் சிக்கன் லூப். ராத்திரி போனில் அம்மாவிடம் சொன்னேன். “அங்கேயும் சிக்கன்தானா” என்றார்.

அப்புறம் கடிகாரப் பாடம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தலைக்கு மேலே 12, இடப்பக்கம் 9, வலப்பக்கம் 3. ஓரங்களில் கைட் சாது. நேர் எதிரே, நடுவில் இறங்கினால் மாடு மாதிரி இழுக்கும். நான் ஒருமுறை இறக்கிவிட்டேன். 9 சதுர மீட்டர் கைட், 58 கிலோ நான். பயத்தில் பாரை மார்போடு இழுத்துப் பிடித்தேன். இழுக்க இழுக்க வேகம் கூடுகிறது! முகம் தண்ணீரில் உழுதுகொண்டு போனது. “விடுங்கக்கா, விடுங்க” என்று பின்னால் சத்தம். விட்டேன். அடுத்த நொடி கைட் சாதுவாகிவிட்டது. ஸ்கூட்டரில் பயந்தால் பிரேக்கை இறுக்கிப் பழகிய கை, விடுவதற்குப் பழக இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பலகையே கிடையாது. கைட் இழுக்க, உடம்பாலேயே தண்ணீரில் போகும் பாடி டிராக். முதலில் எரிச்சலாக இருந்தது. காரணம் பிறகு புரிந்தது. விழுந்தால் பலகை பின்னாலேயே, காற்று வரும் பக்கத்தில் தங்கிவிடும்; கைட் நம்மை முன்னால் இழுத்துப் போயிருக்கும். ஒரு கையைக் கத்தி மாதிரி நீட்டி, இப்படியும் அப்படியுமாகக் குறுக்கே போய்த்தான் எடுக்க முடியும். இதைக் கற்றுத்தராமல் காலில் பலகையை மாட்டுகிறவர் நம்மைப் புகைப்படத்துக்குத் தயார் செய்கிறார்.

குறைகளும் உண்டு. ஹார்னஸ் நாளாக நாளாகத் துவண்டு போனவை. பெண்கள் அளவு ஒன்றே ஒன்று. அது மேலேறி விலா எலும்பை அமுக்கியதில் ஐந்து நாளும் தைலம்தான். உடை மாற்ற ஓலைத் தட்டி மறைப்பு. காற்றில் அதையும் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டில் ரேடியோ கிடையாது, ஆசிரியரின் தொண்டைதான் ரேடியோ. சொறி மீன் இருக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். முழங்கையில் சிவப்புக் கோடு இன்னும் லேசாக இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் குறையே சொல்ல மாட்டேன். மீன் குழம்பைப் பார்த்துத்தான் சிலர் வகுப்பை நீட்டிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தனி வகுப்பு, ஒரு மணிக்கு 4,500 ரூபாய். கேட்டதும் எனக்கும் நெஞ்சு பக்கென்றது. நோட்டைப் பாருங்கள்: மணிக்குச் சராசரியாக 45 நிமிடம் பார் என் கையில். நிமிடம் 100 ரூபாய். முதல் இடத்தின் ‘மலிவு’ வகுப்பைவிட 82 ரூபாய் குறைவு. இரண்டு பேராகச் சேர்வதிலும் தப்பில்லை. எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. 85 கிலோ ஆளுக்கும் எனக்கும் ஒரே கைட் பொருந்தாது.

ஐந்து நாள், மொத்தம் 10 மணி நேரம். ஐந்தாம் நாள் சாயங்காலம் எழுந்து நின்றேன். முப்பது மீட்டர் இருக்கலாம். ஆசிரியர் நாற்பது என்றார், கடைசி நாள் ஆயிற்றே. ஐ.கே.ஓ. வரிசையில் டிஸ்கவரி, இன்டர்மீடியட், இன்டிபென்டன்ட் என்பவை முதல் மூன்று படி. நான் இரண்டாவதில் பாதியில் நிற்கிறேன். அங்கேயே நிற்பதாகத்தான் அட்டையிலும் எழுதிக் கொடுத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு படி கூட்டிப் போடவில்லை.

வாடைக்கு, தை மாதம் மூன்று நாள் சொல்லி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இன்னொருத்தியும் வருகிறாள், 60 கிலோ. ஹார்னஸ் மட்டும் சொந்தமாக வாங்கிவிட்டேன்.