'3 = 0' எப்படி வந்தது? ஆப், ஏஐ, ஆள் என மூன்றிடமும் கேட்டுப் பார்த்தோம்

பத்தாவது படிக்கும் என் மகள் போன மாதம் ட்யூஷனிலிருந்து ஒரு புதிரோடு வந்தாள். நோட்டில் எக்ஸ் என்று இருந்ததை இங்கே 'அ' என்று எழுதுகிறேன்.

அ² + அ + 1 = 0. இதில் அ பூச்சியமாக இருக்க முடியாது, அதனால் அ-ஆல் வகுக்கலாம். அ + 1 + 1/அ = 0. முதல் வரியை மாற்றி எழுதினால் அ + 1 = −அ². இதை இரண்டாவது வரியில் பிரதியிட்டால் −அ² + 1/அ = 0. அதாவது அ³ = 1, ஆக அ = 1. அந்த 1-ஐ முதல் வரியில் போட்டால் 3 = 0!

"எல்லா ஸ்டெப்பும் சரிதானேப்பா?" என்றாள். நானும் நாலு தடவை பார்த்தேன், சரியாகத்தான் தெரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வாத்தியாருக்கு போன் போட மனசு வரவில்லை. நெட்டில் தேட உட்கார்ந்தோம்.

படம் பிடித்தால் விடை தரும் ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபோட்டோமேத் 2014-இல் வந்தது, இப்போது கூகுள் வசம் இருக்கிறது. டைப் செய்து கேட்கும் வோல்ஃப்ரம் ஆல்ஃபா 2009-இலிருந்தே உண்டு. வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்க இவற்றைவிட வேகமான வழி கிடையாது. நாங்கள் பார்த்த ஆப் மெய் மூலங்கள் (மெய்யெண் விடைகள்) இல்லை என்றது. மெய் மூலம் உண்டா என்று காட்டும் தன்மைக்காட்டி 1 − 4 = −3, அது பூச்சியத்துக்குக் கீழே, எனவே விடை சரி. ஆனால் என் மகளின் நான்கு வரிகளில் எது தப்பு என்று அதனிடம் கேட்க வழியே இல்லை.

அடுத்து ஒரு ஏஐ சாட்பாட். தமிழிலேயே கேட்கலாம், எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் எடுத்த எடுப்பில் "பூச்சியத்தால் வகுத்துவிட்டீர்கள்" என்றது. அ = 0 என்றால் முதல் வரி 1 = 0 ஆகிவிடுமே என்று மகளே மடக்கினாள். உடனே மன்னிப்புக் கேட்டு வேறு காரணம் சொன்னது. அது சரியான காரணம்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எங்களுக்கு எப்படித் தெரியும்? தப்பையும் அதே உறுதியோடுதானே சொன்னது! நான் பயன்படுத்தியது ஒன்றின் இலவசப் பதிப்பை, அதுவும் இரண்டு மூன்று இரவுகள்தான். இவை வேகமாக மாறுகின்றன, உங்களுக்கு முதல் தடவையே சரியாக வரலாம்.

கடைசியாக, ஆட்கள் பதில் சொல்லும் மேத்தமேட்டிக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் இணையதளம். இனி எந்தப் புதிர் வந்தாலும் நான் இங்கேதான் போவேன். சிரமம் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். குறியீடுகளுக்கு லேடெக் (கணிதத்தை டைப் செய்யும் முறை) கொஞ்சம் பழக வேண்டும். கேள்வியை மட்டும் தூக்கிப் போட்டால் மூடிவிடுவார்கள், நீங்கள் என்ன முயன்றீர்கள் என்று காட்டியே ஆக வேண்டும். இந்தக் கண்டிப்புதான் எனக்குப் பிடித்தது. நான் டைப் செய்ய, மகள் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொன்னாள். பிரதியிட்ட இடம் வந்ததும் அவள் குரல் கொஞ்சம் தயங்கியது.

வந்த பதிலில் விடை இல்லை. "ஒவ்வொரு வரியிலும் 1-ஐப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் முதன்முதலாகச் சரியாகிறது?" என்று மட்டும் ஒருவர் கேட்டிருந்தார். மகள் பென்சிலை எடுத்தாள். முதல் வரி 3 = 0, தப்பு. இரண்டாவதும் 3 = 0. மூன்றாவது 2 = −1. நான்காவது வரி −1 + 1 = 0. சரி! அந்த வரியை வட்டம் போட்டாள்.

முதல் வரியிலிருந்து நான்காவதுக்கு வரலாம், ஆனால் நான்காவதிலிருந்து திரும்பிப் போக முடியாது. நான்காவது வரியை அ-ஆல் பெருக்கினால் 1 − அ³ = 0. காரணிப்படுத்தினால் (1 − அ)(1 + அ + அ²) = 0. பழைய சமன்பாடு உள்ளேயே இருக்கிறது. பிரதியிட்டபோது கூடவே (1 − அ) ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அ = 1 அதிலிருந்து வந்த மூலம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்: உதவுபவர் நம் பிள்ளை எழுதிய வரிகளைப் பார்க்கிறாரா? இங்கே பார்த்தார்கள். ஒருவர் தவறாகச் சொன்னாலும் அடுத்தவர் கீழேயே வந்து திருத்துவார். அவசரம் என்றால் மட்டும் இது உதவாது, பதிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். பணம் கட்டிப் படிக்கும் ஆன்லைன் ட்யூஷனை நாங்கள் எடுத்ததில்லை, அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நேற்று √(அ + 7) = அ − 5 என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி 9, 2 என்று இரண்டு விடை எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. 2-ஐ முதல் வரியில் போட்டாள், 3 = −3 என்று வந்தது. வர்க்கப்படுத்திய வரியை வட்டம் போட்டுவிட்டு, 2-ஐ அடித்தாள்.