விசுவமடுவுக்கு வந்த நவாஹோ விரிப்பு

கனடாவிலிருந்து வந்த தம்பியின் பெட்டியில், சொக்கிலேற்றுகளுக்கு அடியில், அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்கள் நெய்கிற கம்பளி விரிப்பு ஒன்று சுருட்டிக் கிடந்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம். சிவப்பு நிலத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாய்க் கோலம், சுற்றிவரக் கறுப்புக் கரை. அரிசோனாவில் கனாடோ என்ற ஊரில், ஹபெல் என்பவர் 1878 இல் நடத்தத் தொடங்கிய பழைய கடையில் வாங்கியதாம். சீட்டில் நெய்த பெண்ணின் பெயரும் விலையும் இருந்தன: 650 டொலர். அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது வருடமாய்ப் பன்னோலைப் பாயும் கடகமும் இழைக்கிற கை. வாங்கியதும் பின்பக்கத்தைத்தான் புரட்டினார். இரண்டு பக்கமும் ஒரே கோலம், ஒரு முடிச்சு வெளியில் தெரியவில்லை. பிறகு ஓரங்களை நகத்தால் நெருடினார். குஞ்சம் கிடையாது. நிமிர்த்தி வைத்த தறியில் பாவு நூலை வெட்டாமல் மேலும் கீழுமாய் ஒரே ஓட்டமாய்க் கட்டி நெய்வதால் நாலு கரையும் மூடியே இருக்கும். வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தம்பி அதற்கு முதல் வேறொரு கடையில் நவாஹோ என்று நம்பி ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறான். அதில் இரண்டு தலைப்பிலும் குஞ்சம் தொங்கியது.

மேல் மூலைக்குக் கிட்டக் கறுப்புக் கரையைக் குறுக்கறுத்து ஒரு சாம்பல் இழை ஓரம்வரை ஓடுகிறது.

"இதில பிழைச்சுப்போனா, பாவம்," என்றார் அம்மா.

பிழை இல்லையாம். கரை கட்டி நெய்யும்போது நெய்கிறவளின் மனம் உள்ளே அடைபட்டுவிடாமல் வெளியேற வழி விடுகிறார்களாம். எல்லோரும் செய்வதில்லை, பலர் செய்வார்கள். நெசவைத் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் சிலந்திப் பெண் என்பது அவர்களின் நம்பிக்கை. அம்மா அந்த இழையை விரலால் இரண்டு தரம் தடவினார்.

தங்களை அவர்கள் 'டினே' என்பார்கள், மக்கள் என்று பொருள். அவர்களுடைய நிலம் சுமார் 71,000 சதுர கிலோமீற்றர், இலங்கை முழுவதையும்விடப் பெரிது. தம்பி சொன்ன மற்றக் கதைதான் எனக்கு விரிப்பை வேறாக்கியது. 1863, 64 இல் அமெரிக்கப் படை அவர்களின் சோளத்தை எரித்து, பீச் மரங்களைத் தறித்து, ஆடுகளைக் கொன்று, ஆயிரக்கணக்கானவர்களை ஏறத்தாழ 300 மைல் நடத்திக்கொண்டுபோய் போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. 1868 இல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். அதில் 15,000 செம்மறியும் வெள்ளாடும் தருவதாக எழுதியிருந்ததாம்.

"எங்களுக்குத் தகரம் தந்தவங்கள்," என்றார் அம்மா. 2009 இல் ஆட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள்.

சரி, இங்கே இது பயன்படுமா? நிலத்தில் போட முடியாது. வன்னி வெயிலுக்குக் கம்பளியில் கால் வைக்கவே மனம் வராது, பிள்ளைகளின் செம்மண் கால் வேறு. மாரிக்கு ஈரம் ஏறியதும் செம்மறி மணம் அடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, மகளுக்குப் பிடிக்கிறது. தண்ணீரில் போட வேண்டாம், சாயம் ஊறலாம். பூச்சி அரிக்காமல் இருக்க அடிக்கடி இறக்கி இரண்டு பக்கமும் உதறி, நிழலில் காயவிடுகிறேன். சுவரில் மாட்டுவதானால் வெயில் விழாத பக்கமாய்ப் பாருங்கள்.

நான் கதவுக்கு மேலே மாட்டத்தான் ஆணியோடு ஏறினேன். அம்மா இன்னும் கீழே, இன்னும் கீழே என்றார். அவர் ஓலை இழைக்கக் குந்துகிற மூலையில், அவருடைய கண்மட்டத்தில் இப்போது தொங்குகிறது. அந்தச் சாம்பல் இழையைப் பார்க்க நான்தான் குனிய வேண்டும்.