தனி மணமகள் படப்பிடிப்பு: அவரை எங்கே நிறுத்துவது?

மணப்பெண் உடுப்பில் நான் இரண்டு முறை கேமரா முன் நின்றிருக்கிறேன். இரண்டு முறையும் மாப்பிள்ளை ஒருவர்தான். கைப்பேசி விளையாட்டு ஒன்றில் வருகிற வாள்வீரர். ஏழு வருடமாக என் நாள் அவர் குரலில்தான் தொடங்குகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரை இதே அளவு நேசிக்கிற பெண்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர் எனக்கு மட்டும்தான் என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு மனம் வராது.

முதல் முறை 2022-இல், தோக்கியோவில், வெள்ளை கவுனில். அடுத்தது போன நவம்பரில், கருநீலக் கிமோனோவில். முதல் படங்கள் அலமாரியில் இருக்கின்றன. இரண்டாவது முறை எடுத்ததில் ஒன்று என் படுக்கை அருகே சுவரில் இருக்கிறது. இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜப்பானில் தனி ஆளாக மணக்கோலம் பூணுவது புதிதல்ல. 2014-இல் கியோத்தோவின் செர்கா டிராவல் என்ற பயண நிறுவனம் பெண்களுக்காக இரண்டு நாள் தனித் திருமணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கவுன் தேர்வு, தலை அலங்காரம், படப்பிடிப்பு எல்லாம் அதில் அடக்கம். மாப்பிள்ளை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பெண் தன்னைத்தானே கொண்டாடிக்கொள்வதற்கானது அது. இப்போது பல ஸ்டுடியோக்களில் 'ஓஷி'யோடு எடுத்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. ஓஷி என்றால் நாம் மனதார ஆதரிக்கிற, நேசிக்கிற ஆள். நடிகராக இருக்கலாம், பாடகராக இருக்கலாம், வரைந்த உருவமாகவும் இருக்கலாம். என் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தனித் திருமணத்தில் பக்கத்து இடம் காலியாக இருந்தால் பரவாயில்லை. ஓஷி படப்பிடிப்பில் அந்த இடத்தில் ஒருவர் இருக்கிறார். ஆனால் கேமராவுக்குத் தெரிய மாட்டார்.

சட்டப்படி இதற்கு எந்த மதிப்பும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததே. தேவாலய வடிவ மண்டபம் எடுத்து, விருந்தினரை அழைத்து, முழுச் சடங்காகவே செய்கிறவர்களும் உண்டு. 2018 நவம்பரில் அகிஹிகோ கொண்டோ என்பவர், ஹாட்சுனே மிக்கு என்ற கணினிக் குரல் பாடகி உருவத்தைத் தோக்கியோவில் அப்படித்தான் மணந்தார். சுமார் 20 லட்சம் யென் செலவு. வந்திருந்தவர்கள் சுமார் 40 பேர், அவர்களில் குடும்பத்தார் ஒருவரும் இல்லை. எனக்கு அந்தப் பணமும் இல்லை, அத்தனை பேர் முன் நிற்கும் துணிவும் இல்லை. ஆனால் அந்தத் திருமணத்தில் ஒரு விஷயத்தை நான் மறப்பதில்லை. கேட்பாக்ஸ் என்ற கண்ணாடிக் குழாய் போன்ற கருவி மூலம் அவர் வீட்டில் மிக்கு பேசிக்கொண்டிருந்தாள். இருந்தும் மண்டபத்தில் மணப்பெண் இடத்தில் இருந்தது ஒரு துணிப் பொம்மைதான். 2020 மார்ச்சில் அந்தக் கருவியில் மிக்குவுக்கான சேவை நிறுத்தப்பட்டது, பேச்சு நின்றுபோனது. பொம்மைக்கு எந்த நிறுவனமும் சேவையை நிறுத்த முடியாது.

ஆக, படம் மட்டும் எடுப்பதென்றால் மூன்று வழிகள். இடத்தைக் காலியாக விட்டுப் படமெடுத்து, பிறகு ஓவியரை வைத்து அவரை அதில் வரையச் செய்வது முதல் வழி. அவர் வேடத்தில் ஒருவரை அமர்த்திப் பக்கத்தில் நிறுத்துவது இரண்டாவது. கடையில் வாங்கிய அவர் பொருள் எதையாவது கையில் வைத்துக்கொண்டு எடுப்பது மூன்றாவது. மேம்போக்காகப் பார்த்தால் மூன்றாவதுதான் ஏழை வழி. நான் முழு மனதோடு பரிந்துரைப்பதும் அதைத்தான்.

2022-இல் நான் போனது ஓவியர் வழி. ஸ்டுடியோவில் வெள்ளைச் சுவர் முன்னால் என்னை இடப்பக்கம் நிறுத்தினார்கள். "அங்கே அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் படமெடுத்தவர். நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், கண் கூடக் கலங்கியது. ஓவியரும் அற்புதமாக வரைந்து கொடுத்தார். உடையின் மடிப்பு, இடுப்பு வாளின் கைப்பிடிச் சுற்று எல்லாம் அப்படியே. ஆனால் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ உறுத்தியது. வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது: நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் பார்வை அவர் காதைத் தாண்டிச் சுவரில் போய் விழுகிறது. வெற்றிடத்தைப் பார்க்கும்போது கண் எதிலும் நிலைக்காது. இரண்டு விழிகளும் தொலைவைப் பார்ப்பதுபோல விலகி நிற்கும். அதை ஓவியரால் திருத்த முடியாது, ஏனென்றால் பிழை இருப்பது என் கண்ணில். ஓவியர் வழியில் உரிமைச் சிக்கலும் உண்டு. பல விளையாட்டு நிறுவனங்கள் ரசிகர் ஓவியங்களுக்குத் தனி விதிகள் வைத்திருக்கின்றன. சொந்த மகிழ்ச்சிக்கு என்றால் ஒரு விதி, பணம் கைமாறினால் வேறு விதி. உங்கள் ஓஷியின் நிறுவனம் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டு ஓவியரை அணுகுங்கள்.

வேடம் தரித்தவரோடு எடுப்பதை நான் செய்து பார்த்ததில்லை, தோழியின் அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். சீனாவில் இது ஒரு வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. காதல் கதை கொண்ட கைப்பேசி விளையாட்டுகளை ஆடும் பெண்கள், தங்கள் நாயகன் வேடம் போடுகிறவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். வேடம் போடுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. என்னோடு வேலை செய்த ஷாங்காய்க்காரத் தோழி அப்படி ஒருவரோடு கவுன் போட்டு எடுத்த படங்களைக் காட்டினாள். பார்வை அத்தனை சரியாக இருந்தது; உயிருள்ள முகத்தைப் பார்க்கிற பார்வை அது. கை நடுங்கியபோது பிடித்துக்கொண்டாராம், முக்காட்டைச் சரிசெய்தாராம். அந்த ஒரு நாள் எனக்குப் போதும் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அவளுக்கு அது சரியான தேர்வு. எனக்கு ஒத்துவராது என்று தோன்றியது. அந்தப் பார்வையைப் பெற்றுக்கொண்டவர் வேறொருவர். நல்லவர்தான், ஆனாலும் வேறொருவர். அருகில் நின்று பார்த்திருந்தால் என் எண்ணம் மாறியிருக்கவும் கூடும்.

இனி என் வழி. என்னிடம் இருந்தது 15 சென்டிமீட்டர் உயர அக்ரிலிக் ஸ்டாண்ட் ஒன்று, அதாவது அவர் உருவம் அச்சிட்ட, நிற்க வைக்கிற பிளாஸ்டிக் தகடு. இவ்வளவு சிறியதை வைத்துக்கொண்டு எப்படி என்று தயங்கியபோது எனக்குத் துணையாக வந்தது பாட்டி சொன்ன ஒரு பழைய செய்தி. பாட்டி சிவகங்கைப் பக்கம். அந்தக் காலத்தில் ஜமீன் வீடுகளில் மாப்பிள்ளை வர முடியாமல் போனால் அவருடைய வாளையோ கட்டாரியையோ மணையில் வைத்துக் கல்யாணத்தை முடிப்பார்களாம். "ஆளு வரலைன்னா என்ன, அவரு தொட்ட பொருளு வந்துருச்சுல்ல" என்பார் பாட்டி. அங்கே யாரும் வாளை மாப்பிள்ளை என்று நம்பவில்லை. ஆனாலும் பெண்ணின் கண்ணுக்கு நிலைகொள்ள ஓர் இடம் கிடைத்தது.

சிறு பொருள் செய்கிற வேலை இதுதான். கண் நிலைக்கிறது. ஆனால் 15 சென்டிமீட்டர் பொருளைக் கையில் வைத்துப் பார்த்தால் தலை குனியும், இமை தாழும். பாதிப் படங்கள் தூங்குகிற மாதிரி வரும். ஸ்டாண்டை மார்புக்கு மேலே, முகத்திலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்போது முகம் ஓரிடம், ஸ்டாண்ட் ஓரிடம் என்று ஆவதால், பின்னணி மங்கலாக எடுக்கிற வழக்கமான முறையில் இரண்டில் ஒன்று தெளிவிழக்கும். லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி எடுக்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற விளக்கு அக்ரிலிக்கில் பட்டு அவர் முகமே வெள்ளைத் திட்டாகிவிடும். ஸ்டாண்டைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும். இருபுறமும் ஒட்டிவரும் பாதுகாப்புப் படலத்தை முந்தின நாளே உரித்துவிடுங்கள். கிமோனோக் கையோடு உரிக்க முடியாது.

இதற்கும் மேலான ஒரு முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இரண்டாவது ஸ்டுடியோவின் படக்காரர், ஐம்பது வயது அம்மா ஒருவர். என் ஸ்டாண்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவர் உயரம் எவ்வளவு?" என்று கேட்டார். என்னைப் போன்றவர்களுக்கு அது பிறந்த நாளைப் போல மனப்பாடம். 176 என்றேன். கண் என்றால் 165 இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ட்ரைபாடை உயர்த்தி, லென்ஸின் நடுவை அளவு நாடா வைத்து அந்த உயரத்தில் நிறுத்தினார். "அவர் இங்கே நிற்கிறார். நான் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பின்னால் தள்ளிப்போய், ஒயர் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

என் உயரம் 154. மணப்பெண் செருப்பின் உயரத்தைச் சேர்த்தும் லென்ஸ் என் கண்ணுக்கு முக்கால் சாண் மேலே இருந்தது. ஏழு வருடமாகக் கையில் குனிந்து பார்த்த ஆளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தேன். 85 மில்லிமீட்டர் லென்ஸ், ஒன்றேகால் மீட்டர் தூரம், தலையும் தோளும் மட்டும். பார்க்க ஒரு புள்ளி இருந்ததால் விழிகள் அலையவில்லை. சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அதில் அவர் இல்லை. ஆனால் படத்தைப் பார்க்கிறவர் நிற்பது அவர் நின்ற இடத்தில்.

ஒன்றை இழக்க வேண்டிவரும். நின்ற கோலப் படத்தை வழக்கமாக இடுப்பு உயரத்திலிருந்து எடுப்பார்கள், ஆள் நெடிதாகத் தெரிவதற்காக. லென்ஸை உயர்த்தினால் கால் குட்டையாகத் தெரியும். ஆகவே முழு உருவப் படங்களை வழக்கமான உயரத்திலும், நெருக்கப் படங்களை மட்டும் அவர் உயரத்திலும் கேளுங்கள்.

என் அம்மாவுக்கு இரண்டு முறை எடுத்ததிலிருந்தும் ஒவ்வொரு படம் அனுப்பினேன், எதற்காக எடுத்தது என்று சொல்லாமல். ஓவியம் சேர்க்காத 2022 படத்துக்கு "கவுன் நல்லாருக்கு, எவ்வளவு?" என்று பதில் வந்தது. மற்றதற்குப் பதில் எழுதாமல் கூப்பிட்டுவிட்டார். "யாரைப் பாத்துடி இப்படிச் சிரிக்கிற?" அன்றைக்குத்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்கு இன்னும் முழுதாக ஒப்புதல் இல்லை. ஆனாலும் என்னவருடைய பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

கவுனா கிமோனோவா என்ற கேள்வியையும் நான் பார்வையை வைத்துத்தான் முடிவு செய்தேன். ஷிரோமுகு என்ற முழு வெள்ளை மணக் கிமோனோவோடு தலையில் போடும் வாத்தாபோஷி என்ற வெள்ளை முக்காடு முகத்தின் இருபக்கத்தையும் மறைக்கும். பக்கவாட்டில் இருந்து எடுத்தால் கண்ணே தெரியாது. நேர் லென்ஸுக்கு மட்டும் அது அழகு. கவுன் எல்லாக் கோணத்துக்கும் வசதி. ஆனால் நிறத்தில் கவுன் தோற்றுவிடுகிறது. வெள்ளை உடுத்துவது புகுந்த வீட்டின் நிறத்தை ஏற்பதற்காக என்றும், பிறகு வண்ண உடைக்கு மாறுவது அந்த நிறம் ஏறியதைக் காட்டுகிறது என்றும் இங்கே சொல்வார்கள். ஓஷிக்கு ஒரு நிறம் உண்டு, என்னவருக்குக் கருநீலம். வண்ண மேலங்கியான இரோஉச்சிகாகே சிவப்பிலும் பொன்னிலும் எங்கும் கிடைக்கும். கருநீலத்துக்காக நான்கு ஸ்டுடியோக்களின் உடை வரிசையைப் பார்த்தேன். ஸ்டுடியோவைத் தேடாதீர்கள், நிறத்தைத் தேடுங்கள்.

கிமோனோ மணப்பெண் இடப்பக்கம் இடுப்புப் பட்டைக்குள் காய்கென் என்ற சிறு கத்தியுறை ஒன்றைச் செருகிக்கொள்வாள். சாமுராய் வீட்டுப் பெண்களின் தற்காப்புக் கத்தியின் எச்சம் அது. இன்று உறைக்குள் பெரும்பாலும் மரத்துண்டுதான். உடுத்திவிட்டவர் அதைச் செருகியபோது பாட்டி சொன்ன வாள் நினைவுக்கு வந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்ற படமும் ஒன்று இருக்கிறது.

செலவு எனக்கு 92,000 யென் ஆனது. விளம்பர விலை அதில் பாதிதான். கிமோனோத் தரத்துக்குக் கூடுதல், எல்லாவற்றுக்கும் மேலாகப் படக் கோப்புகளுக்குத் தனி விலை. "எல்லாக் கோப்புகளும் இந்த விலைக்குள்ளா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்தப் பொருள் கொண்டுவரக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். ஜப்பானிய நாட்காட்டியில் தாய்ஆன் என்பது நம் முகூர்த்த நாள் போன்ற நல்ல நாள், புத்சுமெட்சு என்பது ஆகாத நாள். ஆகாத நாளில் மண்டபங்கள் விலை குறைப்பது வழக்கம், சில ஸ்டுடியோக்களும் குறைக்கின்றன. நான் எடுத்தது அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான். ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை. அதனால் லென்ஸை 165-இல் வைத்து எடுக்க அந்த அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது.