கரூர் ஆத்துல கிடைச்ச ரோமன் வெள்ளிக்காசுன்னு ஒருத்தர் விக்கிறாரு, வாங்கிடாதீங்க

பழங்காசு சேர்க்குறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. போன மாசம் ஒரு நாணயக் கண்காட்சியில 14,000 ரூபா குடுத்து டைபீரியஸ் டினாரியஸ் (ரோமப் பேரரசர் டைபீரியஸ் வெளியிட்ட வெள்ளிக்காசு) ஒண்ணு வாங்கினேன், அமராவதி ஆத்துல மணல் சலிக்கிறவங்ககிட்ட இருந்து நேரா வந்ததுன்னு சொன்னாரு, பில் கேட்டா ஆத்துக்காசுக்கு ஏது சார் பில்லுன்னுட்டாரு.

ஒரு பக்கம் இலைமாலை வச்ச டைபீரியஸ் தலை, மறுபக்கம் செங்கோலும் கிளையும் பிடிச்சு உக்காந்திருக்கிற பொம்பள உருவம், அது அவரோட அம்மா லிவியான்னு நிறைய பேர் சொல்றாங்க. இயேசுகிட்ட காட்டின வரிக்காசு இதுதான்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதனால டிமாண்ட் ஜாஸ்தி. இந்த வகையும், அவருக்கு முன்ன ஆண்ட பேரரசர் அகஸ்டஸோட பேரப்பசங்க கையஸும் லூசியஸும் கேடயத்தோட நிக்கிற வகையும்தான் தென்னிந்தியப் புதையல்கள்ல ரொம்ப கிடைச்சது, போலி பண்றவங்களும் அதையே பிடிச்சிருக்காங்க. ஆனா அமராவதியில கிடைக்கிற ரோமன் காசு பெரும்பாலும் நாலாம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசுங்க, வெள்ளி அதிகமா வந்தது பானைப் புதையல்லதான்.

வீட்ல எடை போட்டா 3.1 கிராம். டைபீரியஸ் காலத்துல ஒரு ரோமன் ராத்தல் வெள்ளிக்கு 84 காசு, அதாவது நல்ல காசு 3.7 கிராம் பக்கம் நிக்கணும், கி.பி. 64ல பேரரசர் நீரோதான் அதை 96 ஆக்கி எடையைக் குறைச்சாரு. போன் போட்டு கேட்டேன், இது ரோமானியர் காலத்துலயே பண்ணின கள்ளக்காசு சார், உள்ள செம்பு மேல வெள்ளி, இதுக்கும் மதிப்பு உண்டுங்குறாரு. அப்படிக் காசு இருந்தது உண்மைதான், அந்த உண்மையை வச்சே மடக்கப் பாக்குறாரு. லென்ஸ்ல பாத்தா எழுத்தோரமெல்லாம் பொடிப்பொடியா குமிழி, விளிம்பைச் சுத்தி அரம் போட்டு ராவின தடம், எல்லாம் வார்ப்பு அச்சுல வெள்ளியை உருக்கி ஊத்தின வேலை.

அப்புறம்தான் இன்னொரு நண்பர் அவர் காசோட போட்டோ அனுப்புனாரு, அதே ஆள்கிட்ட வாங்கினது. மூக்குக்குக் கீழ கீறல், வலது ஓரத்துல வெடிப்பு, ரெண்டு காசுலயும் ஒரே இடம். நிஜக் காசு கையால சுத்தியல்ல அடிச்சது, அதுல முத்திரை அடிக்கிற அச்சு ஒண்ணா இருக்கலாம், கீறலும் வெடிப்பும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு நம்பரை பிளாக் பண்ணிட்டாரு. இதுல இன்னொண்ணு, நிஜமாவே ஆத்துல கிடைச்சிருந்தா 1878 புதையல் சட்டப்படி கலெக்டர்கிட்ட சொல்லியிருக்கணும், 1972 சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸும் வேணும். ரெண்டு கேள்வியையும் கேளுங்க, முகம் மாறுதா பாருங்க.

மூக்குக்கீழ கீறல் இருக்கிற இதே காசு உங்ககிட்டயும் இருந்தா விளிம்பு தெளிவா தெரியுற மாதிரி போட்டோ போடுங்க, சேர்ந்து போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறோம்.