கொல்லிமலைக்கு ஏற்ற நெட்டை வண்டி: ஹீரோ இம்பல்ஸுடன் சில வருடங்கள்

பெட்ரோல் பங்க், டீக்கடை, ரேஷன் கடை என்று எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து, "இது என்ன வண்டிங்க?" என்று கேட்டுவிடுகிறார். ஹீரோ என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஸ்ப்ளெண்டர் விற்கும் கம்பெனி இப்படியொரு வண்டியையும் விற்றது என்பதே நிறைய பேருக்குத் தெரியாது.

ஹோண்டாவிடமிருந்து பிரிந்த கையோடு 2011இல் ஹீரோ கொண்டுவந்த வண்டி இம்பல்ஸ். பிரேசிலில் ஹோண்டா விற்றுவந்த என்எக்ஸ்ஆர் 150 ப்ரோஸை ஒட்டி வந்தது. அங்கே அது தினசரிப் புழக்கத்துக்கான வண்டி. நம் ஊரிலோ 150 சிசி என்றால் பல்சர், யூனிகார்ன் என்று மனதில் ஒரு உருவம் பதிந்துவிட்டது. உயரமான சீட், ஸ்போக் வீல், மேலே தூக்கிய சைலன்ஸர் எல்லாம் சேர்ந்து இம்பல்ஸை அந்நியமாக்கிவிட்டன. விற்பனை சூடுபிடிக்கவே இல்லை. 2017 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அதன் வாரிசான எக்ஸ்பல்ஸ் 200, 2019இல் வந்தது. இன்று சாலையில் அதிகம் கண்ணில் படுவது அதுதான்.

எனக்கு வீடு நாமக்கல்லில். கொல்லிமலையில் மிளகும் காபியும் போட்ட சின்னத் தோட்டம் இருக்கிறது. அடிவாரக் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் என்றாலும் அது தார்ச்சாலை, எந்த வண்டியும் ஏறும். அதற்கப்புறம் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில்தான் விஷயம் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடி ஓடி நடுவில் பள்ளம் பறித்திருக்கும், இரண்டு ஓரமும் உருண்டைக் கற்கள். இதற்காகவே செகண்ட் ஹேண்டில் இம்பல்ஸைத் தேடிப் பிடித்தேன்.

இந்த வண்டியின் உயிர் இன்ஜினில் இல்லை, குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில் இருக்கிறது. முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்கள் அமுங்கி எழுவதைக் குனிந்து பார்த்தால் கண்ணால் பார்க்கலாம்; அந்த அடி கைப்பிடிக்கு வந்து சேர்வதில்லை. முன்பக்கம் 19 இஞ்ச் சக்கரம் என்பதால் பள்ளத்தில் விழாமல் மேலாகக் கடந்துவிடுகிறது. கிரவுண்ட் கிளியரன்ஸ் 245 மி.மீ., ஆகவே அடியில் கல் தட்டுமோ என்று ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. மட்கார்டு டயருக்கு வெகு மேலே இருப்பதால் செம்மண் சேறு அடைத்து சக்கரம் இறுகுவதும் கிடையாது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சாதாரண பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நின்றுகொண்டு ஓட்டிப் பழக வேண்டும், அது முக்கியம். டேங்க் ஒடுக்கமாக இருப்பதால் இரண்டு முழங்காலாலும் நன்றாக அணைத்துப் பிடிக்க முடிகிறது. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று கையைத் தளர்த்திவிட்டால் வண்டி கீழே ஆடினாலும் உடம்பு ஆடாது. உட்கார்ந்தபடி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் போனால் பாதி வழியிலேயே தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிடும்.

இன்ஜின் 149 சிசி, பவர் 13 பிஎஸ் சொச்சம். வண்டியின் எடை 134 கிலோ. மலையேற்றத்தில் இரண்டாவது கியரிலேயே பெரும்பாலான வளைவுகளைத் திரும்பலாம். பின்னால் மூட்டை இருந்தால் முதல் கியர். சேலம் நெடுஞ்சாலையில் 70, 75இல் சுகமாகப் போகும். அதற்கு மேல் முறுக்கினால் சத்தமும் அதிர்வும் கூடுகின்றன. பெரிய பஸ் ஒன்று உரசிக்கொண்டு கடந்தால் காற்று வண்டியைத் தள்ளுவதும் தெரியும். நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மைலேஜ் எனக்கு 40ஐ ஒட்டிக் கிடைக்கிறது.

சீட் உயரம் 836 மி.மீ. ஐந்தரை அடிக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு பக்கமாகத்தான் காலை ஊன்ற முடியும். அம்மாவுக்கு ஏறி உட்காரவே சிரமம், சேலையோடு சாத்தியமே இல்லை. "இதுல என்னைக் கூப்புடாத சாமி, நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். குடும்பத்துக்கு ஒரே வண்டி என்றால் இது வேண்டாம்.

பாகங்கள் கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஹீரோவின் சிபிஇசட் எக்ஸ்ட்ரீம், ஹங்க் வண்டிகளின் இன்ஜின் குடும்பம்தான் இதுவும். அதனால் இன்ஜின் வேலைக்கு மெக்கானிக்குகள் தடுமாறுவதில்லை. முன் டயர் 90/90-19, பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்குப் போடும் அளவு, தாராளமாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பாகங்கள்தான் திண்டாட்டம். டேங்க் ஓர மூடி உடைந்தால் பழைய வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடி அலைய வேண்டும். ஸ்போக் வீலில் டியூப் என்பதால் ஒரு உதிரி டியூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்ப் எப்போதும் என் பையில் இருக்கும். மலைமேல் பஞ்சர் கடையை எதிர்பார்த்து நிற்க முடியாது.

கேரியர் விஷயத்தில் எங்கள் ஊருக்கு நன்றி சொல்ல வேண்டும். லாரி பாடி கட்டும் ஊர் நாமக்கல். வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்கார அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, "சைலன்ஸர் சூடு மூட்டையில படாம இருக்கணும்ல தம்பி" என்று வலப்பக்கக் குழாயை மட்டும் சற்று வெளியே வளைத்து, நடுவில் தகடு ஒன்றையும் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அதில் ஒரு மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டு 70 வளைவுகளும் இறங்கியிருக்கிறேன், ஒரு வெல்டிங்கூட விட்டுப்போகவில்லை.

இப்போது பழைய இம்பல்ஸ் வாங்க நினைப்பவர்கள் ஃபோர்க் சீலில் எண்ணெய் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்புறம் ஆர்.சி. தேதி. சொந்த வண்டிப் பதிவு 15 வருடம்தான். 2011, 2012இல் பதிவான வண்டிகளுக்கு 2026, 2027இல் கெடு முடிகிறது. தகுதிச் சான்று எடுத்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், அதற்கான செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.