அப்பாவின் யூரியா 54: பாளையங்கோட்டையில் ஒரு கிட்னி டெஸ்ட்

ஊருக்குப் போனால் அப்பா அம்மாவுக்கு ஒரு முழு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவது வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலருக்கும் பழக்கம்தான். இந்த மே மாதம் பாளையங்கோட்டையில் நானும் அதைச் செய்தேன். லேப் சேவையின் வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. இரவு வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பினேன், காலையில் அப்பா காபி கேட்பதற்கு முன்னால் ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான், மதியச் சாப்பாடு முடிவதற்குள் பிடிஎஃப் வந்துவிட்டது. நான் இருக்கும் லண்டனில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் பிடிஎஃப் வந்ததும் சேவை முடிந்தது. பிளட் யூரியா, அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராம், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹை’. போன் செய்தால் “டாக்டர்கிட்ட காட்டுங்க சார்” என்கிறார்கள். நியாயமான பதில்தான், ஆனால் ‘கிட்னி பேக்கேஜ்’ என்று விற்பவர்கள் என்ன அளவு, எந்த அலகு என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

நியூஜெர்சியில் இருக்கும் தங்கை அதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இங்க 20-ஐத் தாண்டினாலே அதிகம்னு சொல்வாங்க, டயாலிசிஸ் வரைக்கும் போயிடுமா?” என்று பதறிவிட்டாள். அவள் ஊரில் பார்ப்பது பியூஎன், அதாவது யூரியாவில் இருக்கும் நைட்ரஜனை மட்டும். நம்மூர் லேப்கள் பெரும்பாலும் யூரியாவை முழுதாகவே கணக்கிடும், அதற்கு ஏறக்குறைய 40 வரை சரி. யூரியாவின் மூலக்கூறு எடை 60, அதில் நைட்ரஜன் மட்டும் 28, ஆகவே 54-ஐ 2.14-ஆல் வகுக்க வேண்டும். அவள் கணக்கில் 25 வரும். லண்டனில் இதே ரத்தத்தைக் கொடுத்திருந்தால், அங்கே பயன்படுத்தும் மில்லிமோல் என்ற அலகில் 9 என்று வந்திருக்கும். ஒரே குடும்பம், மூன்று நாடு, மூன்று எண். சில லேப்கள் யூரியா, பியூஎன் இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டு டெஸ்ட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு, இரண்டாவது வெறும் வகுத்தல்தான்.

சரி, 25-ம் கொஞ்சம் அதிகம்தானே. மாலையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து எங்கள் பழைய டாக்டரிடம் போனோம். அவர் யூரியாவை விட்டுவிட்டு முதலில் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியாட்டினினைப் பார்த்தார். 1.1. அப்பாவின் 72 வயதுக்கு இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு, 71 வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பியூஎன்னைக் கிரியாட்டினினால் வகுத்தால் 10 முதல் 20-க்குள் இருக்க வேண்டும், அப்பாவுக்கு 23. (யூரியாவை அப்படியே வைத்து வகுத்தால் 49 வந்து இன்னொரு பீதி கிளம்பும்.) உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது, அதோடு யூரியாவும் ரத்தத்துக்குத் திரும்புகிறது, கிரியாட்டினின் அப்படித் திரும்புவதில்லை. ஒன்று மட்டும் ஏறி மற்றது அப்படியே நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

அப்புறம் வரிசையாகக் கேள்வி. மலம் கருப்பாகப் போகிறதா? குடலில் ரத்தம் கசிந்தால் அந்தப் புரதமும் செரித்து யூரியாவாகும், அதற்காக. இல்லை. ஸ்டீராய்டு? இல்லை. மூட்டு வலிக்கு மாத்திரை? அப்பா ஜன்னலைப் பார்த்தார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், எங்கள் யாருக்கும் தெரியாது. பிரஷர் மாத்திரையிலோ சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்திருக்கிறது. போதாததற்கு ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை, அதுவும் திருநெல்வேலி அக்னி நட்சத்திரத்தில்! “அண்ணாச்சி, கிட்னி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அதைக் காயப் போடுதீங்க” என்றார் டாக்டர்.

வலி மாத்திரையை நிறுத்தி, பகலில் தண்ணீரைக் கூட்டி, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் திரும்ப எடுத்ததில் யூரியா 36. இதயமோ சிறுநீரகமோ ஏற்கெனவே பழுதாகித் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் இதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிவிட வேண்டாம், அவர்களுக்கு அளவைச் சொல்வது டாக்டர்தான்.

இன்னொன்று, அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்குவதை யூரியாவை விட முன்னாலேயே காட்டுவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கிரியாட்டினின் இரண்டின் விகிதம் பார்க்கும் டெஸ்ட். அத்தனை பக்கப் பேக்கேஜில் அது இல்லை, டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தோம். புக் செய்யும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.